பாரிசுக்குப் புரட்டாசியில் போங்கள்

தை பிறந்தால் போதும், நம் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷம் பாரிஸ் எப்போ?" டீக்கடையில் கேட்பார்கள், வில்லியனூர் பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கேட்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது காதில் வாங்கினால், கண்டமங்கலத்துக்காரனுக்கு வந்த வாழ்வைப் பார் என்றுதான் நினைப்பார்.

அவர்களுக்கு நம் ஊர் இருக்கிற இடம் தெரியாது. மேற்கே திருவண்டார்கோயில், கிழக்கே அரியூர், இரண்டும் புதுச்சேரி. நடுவில் தமிழ்நாட்டுத் துண்டாக நாம். 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கமெல்லாம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. 1962-ல் ஒப்பந்தம் முறைப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களில் நாம் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். அப்படித்தான் நம் பிள்ளைகள் பாரிசின் வடக்குப் புறநகர்களில் குடியிருக்கிறார்கள். நாம் பாரிஸ் போவது ஐஃபல் கோபுரத்தைப் பார்க்க இல்லை. மகளைப் பார்க்க, பேரப்பிள்ளையைப் பார்க்க. கோபுரம் வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த மாதம் போவது என்ற கேள்வி நமக்குச் சுற்றுலாக் கேள்வி இல்லை. ஆனால் பதில் மட்டும் சுற்றுலாக்காரர்களிடமிருந்து வருகிறது. டிராவல்ஸ்காரரைக் கேட்டால் மே, ஜூன் என்பார். பிள்ளைகளைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட் என்பார்கள். பனியைப் பார்க்க வேண்டும் என்று டிசம்பரில் கிளம்புகிற ஒரு கூட்டமும் இப்போது சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றுமே அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கெடுதல் என்பது என் கட்சி. போக வேண்டியது புரட்டாசியில். அதாவது செப்டம்பர் நடுவில் ஏறி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் திரும்பிவிட வேண்டும். மூன்று தடவை மூன்று பருவத்தில் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

முதலில் மே மாதக் கட்சி. அவர்கள் சொல்வது, அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிக்கலாம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை விட்டுவிட்டுத் தப்பிக்கிறீர்கள்? மே மாதம்தான் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற மற்றப் பேரப்பிள்ளைகள் லீவுக்கு நம் வீட்டுக்கு வருகிற மாதம். மாம்பழம் அப்போதுதான். நுங்கு அப்போதுதான். கூவாகம் சித்திரையில். வில்லியனூர்த் தேர் அதற்குப் பின்னால். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த தேர் அது. இன்றைக்கும் புதுச்சேரி கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார். ஒரு மகளின் பிள்ளையைப் பார்க்க, மற்றவர்களின் பிள்ளைகள் வந்து நிற்கிற நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது என்ன கணக்கு? பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிற குழந்தை அடுத்த வருஷம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தவிர, அங்கே ஏப்ரல் கடைசியிலும் மே முதலிலும் நமக்கு நல்ல குளிர். காலையில் 7, 8 டிகிரி சாதாரணம். ஏப்ரல் நடுவிலேயே பல கட்டிடங்களில் பொது ஹீட்டரை நிறுத்திவிடுவார்கள். வெள்ளைக்காரன் அரைக்கால் சட்டையோடு வெயில் காய்வான். நாம் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, வசந்தம் வசந்தம் என்று அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது ஜூலை, ஆகஸ்ட். இங்கேதான் எனக்குக் கோபம்.

பிரான்ஸில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய 8 வாரம். ஜூலை முதல் வாரத்தில் மூடினால் செப்டம்பர் முதலில்தான் திறப்பார்கள். வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 5 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதையும் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. 8 வாரத்தையும் எப்படி நிரப்புவது? நம்மை வைத்துத்தான். "அப்பா, ஜூலையில வாங்க, பிள்ளைங்களுக்கும் லீவு, உங்களோட இருப்பாங்க" என்று மகள் சொல்கிறபோது, அதில் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசத்தோடு ஒரு தேவையும் இருக்கிறது. அந்தத் தேவையை வாய்விட்டுச் சொன்னால் நாம் அதற்கு ஏற்றபடி யோசிக்கலாம். "லீவுக்கு வாங்க" என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனால், அது யாருக்கு லீவு?

பேரனைப் பார்த்துக்கொள்வது பாரமா என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். பாரமில்லை. நம் ஊரில், நம் வாசலில், கூப்பிட்டால் வருகிற பக்கத்து வீட்டுக்காரர்களோடு என்றால் நான்கு பேரப்பிள்ளைகளைக் கூட என் வீட்டம்மா சமாளிப்பாள். அங்கே நிலைமை வேறு. மூன்றாவது மாடி, பழைய கட்டிடத்தில் லிஃப்ட் இருக்காது. பாஷை தெரியாது. மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 15-ஐ அழுத்த வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அழுத்தினால் எதிர்முனையில் பிரெஞ்சில் கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? எழுபது வயதுக்காரனை ஐந்து வயதுக் குழந்தைக்குக் காவல் வைக்கிறோமா, ஐந்து வயதை எழுபதுக்குக் காவல் வைக்கிறோமா என்று யாராவது யோசித்தார்களா?

அதோடு வெயில். "பாரிஸ்ல வெயிலா, நம்ம வெயிலைவிடவா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில், வழக்கமாக அந்த நாட்களில் ஏற்படும் சாவுகளுக்கு மேல் சுமார் 15,000 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். பாரிசில் ராத்திரியிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள் அதில் உண்டு. ஆகஸ்ட் மாதம், ஊரே விடுமுறை. பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள், டாக்டர்களும் லீவு, பக்கத்து வீட்டுக்காரரும் லீவு. தனியாக இருந்த கிழவர்களும் கிழவிகளும் மூடிய அறைக்குள் போனார்கள். பல நாள் காத்திருந்தும் கேட்டு வர ஆளில்லாத 57 உடல்களை செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிசுக்குப் பக்கத்தில் தியே என்ற இடத்தில் அடக்கம் செய்தபோது, நாட்டின் ஜனாதிபதி ஷிராக் போய் நின்றார். உலகத்திலேயே நல்ல வைத்திய வசதி உள்ள நாடு என்று நாம் பெருமையாகச் சொல்கிற நாட்டில் நடந்தது இது. அதற்குப் பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகளை நன்றாகவே செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெயில் ஏறிக்கொண்டுதான் போகிறது. 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி. அந்த ஊரில் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் உச்சம். 2025 ஜூலை முதலில் ஐஃபல் கோபுரத்தின் உச்சித் தளத்தையே வெயிலுக்காக இரண்டு நாள் மூடினார்கள்.

அந்த 42.6 அன்று நானும் என் வீட்டம்மாவும் அங்கே இருந்தோம். நம் ஊரிலும் 42 பார்த்திருக்கிறோம். ஆனால் நம் 42-க்குத் திண்ணை உண்டு, வேப்பமரம் உண்டு, பானைத் தண்ணீர் உண்டு, தலைக்கு மேலே ஒரு ஃபேன் உண்டு. அங்கே வீடு கட்டியதே சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்கு. மேல்மாடியில் குடியிருந்தால், தலைக்கு மேலே கூரை பல இடங்களில் துத்தநாகத் தகடு. சீலிங் ஃபேன் என்ற பொருளையே என் மகள் குடியிருக்கும் கட்டிடத்தில் நான் பார்க்கவில்லை. ஏசியும் இல்லை. மாப்பிள்ளை டேபிள் ஃபேன் வாங்கக் கடை கடையாக அலைந்தார், எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டம்மா தன் பருத்திப் புடவையை நனைத்து ஜன்னலில் கட்டினாள். அன்று ராத்திரி அந்தப் புடவைதான் எங்களுக்குக் குளிர்சாதனம். எல்லா வருஷமும் இப்படி இருக்காது என்பது உண்மை. பல ஜூலைகள் 25 டிகிரியில் இதமாகப் போய்விடும். ஆனால் எந்த ஜூலை எப்படி இருக்கும் என்று ஜனவரியில் டிக்கெட் எடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, ஜூன், ஜூலையில் அங்கே இருட்டுவதில்லை. ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்கும். நமக்கு இருட்டினால் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, மாத்திரைக்குப் பின் தூக்கம் என்று உடம்பு பழகிப் போயிருக்கிறது. இங்கே வருஷம் முழுவதும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டுவதும் இல்லை, 11-க்குக் கீழே போவதும் இல்லை. அந்த உடம்பைக் கொண்டுபோய் ராத்திரி பத்து மணி வெளிச்சத்தில் உட்கார வைத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவற்றின் இஷ்டத்துக்கு ஆடும்.

டிசம்பர்க்காரர்களுக்கு ஒரு பத்தி போதும். பாரிசில் பனி பெய்வது அபூர்வம். பெய்வது தூறல். காலை எட்டே முக்கால் வரை இருட்டு, சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி இருட்டு. குளிரைக்கூடக் கோட்டுப் போட்டுச் சமாளிக்கலாம், இருட்டுக்கு என்ன போட்டுக்கொள்வது? ஈரமான மெத்ரோ படிக்கட்டில் வழுக்கினால் இடுப்பெலும்பு போச்சு.

நவம்பர், டிசம்பரில் நாம் ஊரை விட்டுப் போகவும் முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் வந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி விழுப்புரம் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் மோட்டார், ஃப்ரிட்ஜ், பத்திரம் வைத்த பீரோ எல்லாம் என்ன ஆயின என்பதை அவர்களையே கேளுங்கள். என்னைப் போன்ற மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது செல்போனிலேயே கொடுக்கலாம், வெளிநாட்டிலிருந்தும் கொடுக்க வழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ரேகை தேய்ந்த விரலை வைத்துக்கொண்டு அந்நிய தேசத்தில் நான் உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்கிற சுகத்தை நான் வேண்டாம் என்கிறேன்.

சரி, புரட்டாசிக்கு வருவோம். செப்டம்பர் 22, 23 வாக்கில் உலகம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பாரிசிலும் 12 மணி நேரம், கண்டமங்கலத்திலும் 12 மணி நேரம். வருஷத்தில் அந்த ஊரின் பகல் நம் ஊர்ப் பகலைப் போல இருக்கிற நாட்களில் இவை ஒரு கட்டு, மார்ச்சில் இன்னொரு கட்டு. மார்ச்சில் குளிர், ஆகவே செப்டம்பர். பகலில் 20, 21 டிகிரி, காலையில் 12, 13. ஒரு ஸ்வெட்டர் போதும். அக்டோபர் முதலில் கொஞ்சம் சில்லென்று இருக்கும், பல கட்டிடங்களில் அக்டோபர் நடுவில்தான் ஹீட்டர் போடுவார்கள் என்பதால் ஒரு வாரம் இரண்டாவது போர்வை தேவைப்படும். அதை நான் மறைக்கவில்லை.

கூட்டம் குறைந்திருக்கும். லூவர் அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இலவசம், ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் கிடையாது. செப்டம்பர் மூன்றாம் சனி, ஞாயிறில் பாரம்பரிய தினங்கள் என்று வைத்து, சாதாரணமாக உள்ளே விடாத அரசுக் கட்டிடங்களைக்கூட ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஜனாதிபதி மாளிகைகூட அதில் உண்டு. அக்டோபரில் மோன்மார்த்ரு மேட்டில் திராட்சை அறுவடைத் திருவிழா. அவ்வளவு பெரிய நகரத்துக்குள் ஒரு திராட்சைத் தோட்டத்தை இன்னும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஏரியை மூடி பஸ் நிலையம் கட்டிப் பழகிய நாம் பார்க்க வேண்டிய தோட்டம் அது.

"பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடுவாங்களே, அப்புறம் போய் என்ன பண்றது?" இதுதான் பெரிய ஆட்சேபணை. என் அனுபவம் நேர் எதிர். பள்ளிக்கூட நாளில்தான் அந்தக் குழந்தைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிகிறது. காலையில் கூட்டிக்கொண்டு போய் விடலாம், நாலரைக்குப் போய் அழைத்து வரலாம். பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மற்றத் தாத்தா பாட்டிகளோடு தலையசைத்துப் பழகலாம். அல்ஜீரியாக்காரர், போர்த்துகீசியர், யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோரும் நிற்பார்கள். என் பேத்தி என்னை அவள் டீச்சரிடம் காட்டி என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டீச்சர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜூலையில் போயிருந்தால் அந்த வாசலே பூட்டியிருக்கும். பகலில் நமக்கும் ஓய்வு கிடைக்கும். லா ஷப்பெல் போனால் முருங்கைக்காய் முதல் வாழைப்பூ வரை வாங்கி வந்து சமைக்கலாம். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி அவர்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை வருகிறது. அதில் முதல் வாரத்தைப் பிள்ளைகளோடு முழுசாக இருந்துவிட்டுக் கிளம்பலாம்.

லா ஷப்பெல் மாணிக்க விநாயகர் தேரைப் பார்க்க வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். பாரிஸ் தெருவில் தேங்காய் மலை மலையாக உடைகிற காட்சி பார்க்க வேண்டியதுதான். அது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். ஒரு தடவை அதற்காக முன்கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறதே, தர்ப்பணம்? முந்தி வருகிற வருஷத்தில் முடித்துவிட்டு மறுநாள் விமானம் ஏறுங்கள். பிந்தி வருகிற வருஷத்தில் அங்கேயே செய்யுங்கள். பித்ருக்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. சனிக்கிழமைத் தளிகையை மகள் வீட்டிலேயே போடலாம், அவளுக்கும் அது ஒரு சாக்கு. நம் வயதில் யாரும் கவனிக்காத ஒரு சௌகரியம் இதில் இருக்கிறது. நம் பக்கம் புரட்டாசியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியில் போனால் பத்துப் பத்திரிகைக்கு மொய் எழுத ஆள் அனுப்ப வேண்டும், வராததற்கு இரண்டு வருஷம் பேச்சு கேட்க வேண்டும். ஐப்பசியிலும் அப்படியே. புரட்டாசியில் போய் வந்தால் போனதே பாதிப் பேருக்குத் தெரியாது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். டிக்கெட் பணத்தைப் பிள்ளை போடுகிறான், அவன் சொல்கிற மாதத்தில் போவதுதானே மரியாதை என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். முப்பது வருஷம் அவர் போட்ட பணத்துக்கு யார் மாதம் குறித்தார்களாம்? நான் என் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஜூலைக்கு ஆள் வேணும்னா ஆளுக்கு ஏற்பாடு பண்ணும்மா, இல்லேன்னா பிள்ளைங்களை ஒரு மாசம் இங்கே அனுப்பு, ஆடி மாசம் நம்ம ஊர்ல காத்தும் மாரியம்மன் கூழுமா இருக்கும். நாங்க செப்டம்பர்ல வர்றோம்." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்ப செப்டம்பருக்கே டிக்கெட் பாக்கறேன்ப்பா" என்றாள். அந்த வருஷம் பேரனும் பேத்தியும் ஜூலையில் இங்கே வந்து, மதகடிப்பட்டு சந்தையில் மாடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

முடிவு செய்துவிட்டால் வேலையைப் பங்குனியிலேயே தொடங்குங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விசாவுக்கு மனுப் போடலாம். கோடைக்குப் போகிற கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் புதுச்சேரி விசா மையத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நமக்கு ஜூன், ஜூலை போதும். மகள் அங்கே நகராட்சியில், அவர்கள் பாஷையில் மேரியில், உங்களை வீட்டில் வைத்துக்கொள்வதாக ஒரு சான்று வாங்கி மூலப் பிரதியைத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் நாள் பிடிக்கும், முதலில் அதைக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள், ஏஜென்ட் வாய்மொழியை நம்பாதீர்கள். விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. திரும்புகிற தேதியை அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்னால் போடுங்கள். அன்றைக்குத்தான் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மறுநாள் முதல் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குள் இங்கே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்கும். வந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள்.